கழுவிய இசைத்தட்டு

செபஸ்ரியனிடமிருந்து களவு போனது ஒரு சத்தம். தட்டு அவருடைய அலுமாரிக்குள் பத்திரமாகப் பூட்டித்தான் இருந்தது. அதன் சத்தம் மட்டும் அவருக்குத் தெரியாமல் வெளியே போய் ஊர் சுற்றியிருக்கிறது. இதைப் பொலிஸில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

விஷயம் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தொண்ணூற்றாறாம் ஆண்டு யூலை மாதம், ஒக்லண்டின் எப்சம் பகுதியில் மாரிகாலம், ஒரே மழையும் குளிரும். அவர் பூசை முடிந்து வந்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வானொலியைப் போட்டுக்கொண்டு சாய்ந்து கிடந்தார். அந்த நேரத்தில் உள்ளூர் வானொலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பழைய நடன இசை போடுவார். மனைவி டோறின் பக்கத்தில் நின்று சட்டைகளுக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது இருபத்தேழாம் ஆண்டில் லண்டனில் பதிவானது. ஹரோல்ட் பெய்ன்டன் நடனக் குழு," என்றார் கிழவர். "முழுதாக ஒரு தட்டும் உலகத்தில் மிஞ்சவில்லை. இதைச் சேர்த்து ஒட்டித் தந்த, மாசிப் பகுதியில் இருக்கும் டெஸ்மனுக்கும், பெயர் சொல்ல விரும்பாத அவருடைய நண்பருக்கும் நன்றி."

செபஸ்ரியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெய்ன்டன் தட்டு அவரிடம் ஒன்று இருந்தது. விளிம்பு உடைந்துபோனது. ஊசியை வைத்தால் முதல் முக்கால் நிமிடம் பாட்டு இல்லை, அதன் பிறகு எல்லாம் சுகம். வானொலியில் அந்த முதல் முக்கால் நிமிடமும் வந்தது. பான்ஜோவும் வயலினும் சேர்ந்து துள்ளிக்கொண்டு போயின. அவர் ஆயுளில் கேட்டிராத பகுதி. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாடகர் வாய் திறந்தார். திறந்ததும் 'டிக்' என்று விழுந்தது.

டிக். டிக். டிக். பிறகு ஒன்று மட்டும் இரட்டையாக, டிடிக். மறுபடி டிக்.

செபஸ்ரியன் வானொலிப் பக்கம் குனிந்தார். அது அவருடைய தட்டின் கீறல்.

வேறு ஆளாயிருந்தால் எல்லாப் பழைய தட்டும் இப்படித்தானே கீச்சிடும் என்று விட்டிருப்பான். செபஸ்ரியன் கொழும்புத் தந்திக் கந்தோரில் இருபத்தாறு வருடம் காதுக்கு வேலை கொடுத்தவர். மறுமுனையில் இருந்து தந்திக் கட்டை தட்டுகிறவன் யாழ்ப்பாணத்து ஆளா, காலிக்காரனா, நேற்றுக் குடித்தவனா என்று தட்டும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதை ஏமாற்ற முடியாது. இந்த உலகத்தில் அவர் முழுதாக நம்பியது இரண்டு. ஒன்று அந்தோனியார், மற்றது தன் காது.

மன்னாரில் பிறந்தவருக்கு லண்டன் ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் போட்ட ஆட்டத்தில் என்ன வேலை என்று கோயிலில் பலர் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு ஆடத் தெரியாது. குடிக்கவும் மாட்டார். ஒக்லண்டுக்கு வந்த புதிதில் யாரோ வீட்டு வாசலில் பரப்பி விற்ற சாமான்களுக்குள், ஆணி போட்டு வைக்கலாமே என்று ஒரு மரப்பெட்டியை வாங்கினார். பெட்டிக்குள் தட்டுகள் இருந்தன. அன்று பிடித்த விசர்தான். இப்போது ஆணிகள் எங்கே கிடக்கின்றன என்று டோறினுக்கும் தெரியாது.

"நல்லாயிருக்கு என்ன?" என்றாள் டோறின்.

அவர் திரும்பிப் பார்த்தார். அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக வானொலியைக் கொஞ்சம் குறையுங்கோ என்று சொல்கிற மனுஷி. இந்தப் பாட்டை மட்டும் ஏன் கேட்டாள்? கேட்டுவிட்டு ஏன் இப்படிப் பார்க்கிறாள்?

"ஓம், நல்லாயிருக்கு," என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து சட்டைக் கொலரைத் தேய்த்தாள். கள்ளிதான் என்று அந்த நொடியே செபஸ்ரியனின் மனசு எழுதிவிட்டது.

அவள் அடுப்படிக்குப் போனதும் அலுமாரியைத் திறந்தார். அதற்குத் திறப்பு இரண்டு. ஒன்று அவர் கழுத்தில் அந்தோனியார் பதக்கத்தோடு கிடந்தது. மற்றது டோறினிடம். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் உறையின் வாய் வெளிப்பக்கம் பார்த்திருந்தது. தூசி உள்ளே போகும் என்று அவர் எப்போதும் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைப்பார். தட்டை வெளியே எடுத்தார். பளபளவென்று கறுத்து மின்னியது. மூக்கருகே கொண்டுபோனார். குழந்தைப்பிள்ளைக்குத் தலை முழுகவார்த்த வாசம் வந்தது.

அந்த வாசத்துக்கு ஒக்லண்டில் ஒரே ஒரு சொந்தக்காரன்தான்.

டெஸ்மன் ரேடியோ, ரீவி திருத்துகிறவன். ஐம்பது வயது. நகரின் மேற்கே மாசியில் அவன் வீட்டு கராஜ் முழுக்க வயரும் மெஷினும். செபஸ்ரியனைவிடப் பெரிய தட்டுப் பைத்தியம். இருவரும் ஏழெட்டு வருடமாகச் சேர்ந்து ஊரெல்லாம் தட்டுப் பொறுக்குகிறவர்கள். தம்பி மாதிரி என்று செபஸ்ரியன் சொல்லிக்கொள்வார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கீரியும் பாம்பும். டெஸ்மன் எந்தத் தட்டு கிடைத்தாலும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ விட்டுக் கழுவித் துடைத்துத்தான் பதிவுசெய்வான். அரக்குத் தட்டில் தண்ணீர் படுவது செபஸ்ரியனுக்கு ஆகாது. மெல்லிய தூரிகை மட்டும்தான். இதற்காகவே பெய்ன்டன் தட்டை அவனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறார்.

ஆக, தட்டு மாசிக்குப் போய், குளித்து, திரும்பி வந்திருக்கிறது. பூட்டு உடையவில்லை. அவர் கழுத்துத் திறப்பு கழுத்தில்தான். மிச்சம் யார்?

அன்றிலிருந்து செபஸ்ரியன் வீட்டுக்குள்ளேயே துப்பறியத் தொடங்கினார். நல்ல துப்பறிவாளனுக்கு நித்திரை வராது, அவருக்கும் வரவில்லை. பார்க்கப் பார்க்க எல்லாமே பொருந்தி வந்தது. கொஞ்ச நாளாக டோறின் அவரைக் கார் ஓட்ட விடுவதில்லை. "மழையப்பா, நான் ஓட்டுறன்," என்பாள். மழை இல்லாத நாளும் அவள்தான் ஓட்டினாள். அவர் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று கணக்குப் பார்க்கத்தானே? டொக்டரிடம் ஒருமுறை சும்மா போய்க் காட்டுவோம் என்று நச்சரித்தாள். அவரை ஒரு பகல் முழுக்க வீட்டை விட்டுக் கிளப்பத்தானே? குளிர்சாதனப் பெட்டியில் பால் போத்தல் மூன்று நின்றது. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "நீங்கள்தானே டெயரிக் கடைக்குப் போய் போய் வாங்கிக்கொண்டு வாறியள்," என்றாள். பழியை அவர் தலையிலேயே போட்டாள்.

ஒருநாள் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைத் தம்பி, ஒண்டும் சொல்லேல்லை. அவருக்குத் தெரியாது போலதான் கிடக்கு. நான் பிறகு எடுக்கிறன்."

அவரைக் கண்டதும் வைத்துவிட்டாள்.

"ஆரது?"

"ஒருத்தருமில்லை. கோயில் விஷயம்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. முப்பத்தைந்து வருடத்தில் அவள் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணலாம், எல்லாமே இப்படித்தான் கண் கலங்கி, மூக்கு சிவந்து வரும். இந்தப் பொய்க்கும் மூக்கு சிவந்தது. களவு போனது ஒரு தட்டின் சத்தம் என்றால் போகட்டும். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தன்னை மடையனாக்குகிறார்களே என்பதுதான் அவரைத் தின்றது. இந்த நாட்டில் அவருக்கு என்று இருந்தது இந்த இரண்டு பேர்தான்.

கடைசியாக ஒரு சோதனை வைத்தார். தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி, எச்சில் தொட்டு, அலுமாரிக் கதவின் இடுக்கில் ஒட்டினார். மறுநாள் பார்த்தால் மயிர் இல்லை.

"ஆர் இதைத் திறந்தது?" என்று கத்தினார்.

டோறின் கை துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்கள்தான் அப்பா. காலைமை திறந்து வைச்சுக்கொண்டு கனநேரம் நிண்டனீங்கள்."

"நானோ?"

"ஓம்."

எவ்வளவு தைரியம் என்று நினைத்தார். முகத்துக்கு நேரே சொல்கிறாள். தான் திறந்திருந்தால் தனக்குத் தெரியாதா?

"வெளிக்கிடும். டெஸ்மன் வீட்டை போவம்," என்றார்.

சனிக்கிழமை காலை. வடமேற்கு மோட்டர்வேயில் டோறின் காரை ஓட்டினாள். தட்டு அவருடைய மடியில், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் கட்டப்பட்டிருந்தது. லிங்கன் றோட்டால் இறங்கியபோது அவள், "கோவிக்காமல் கதையுங்கோ," என்றாள். அதுவே அவருக்கு ஒரு வாக்குமூலம் மாதிரி இருந்தது.

டெஸ்மன் கராஜ் கதவை மேலே தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான். "வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா. மனுசி வேலைக்குப் போயிட்டா. இருங்கோ, நான் ரீ ஊத்துறன்."

"உன்ரை ரீ எனக்கு வேண்டாம்," என்றார் செபஸ்ரியன். தட்டை மேசையில் வைத்தார். "இதை மணந்து பார்."

அவன் மணக்கவில்லை. டோறினைப் பார்த்தான். டோறின் நிலத்தைப் பார்த்தாள்.

"அங்கை ஏன் பாக்கிறாய்? என்னைப் பார்! ரேடியோவிலை என்ரை கீறலைக் கேட்டனான்டா. எல்லாத்தையும் துடைச்ச நீ அதை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறாய். என்ன திமிர்? பெயர் சொல்ல விரும்பாத நண்பராம். ஆரடா அந்த நண்பர்?"

"அண்ணை, முதல் இருங்கோ."

"ஒண்டில் நீ களவெடுத்தனி. இல்லாட்டி இவ எடுத்துத் தந்தவ. எது எண்டு சொல்லு."

டெஸ்மன் நெற்றியைத் தேய்த்தான். மழை கராஜ் தகரத்தில் சடசடத்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "சரி அண்ணை. நான்தான். அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்வான் என்று செபஸ்ரியன் எதிர்பார்க்கவில்லை. அதனால் நம்பவும் இல்லை. தந்திக் கந்தோர்க் காதுக்கு அந்தக் குரல் சரியாகப் படவில்லை. அவன் யாரையோ காப்பாற்றுகிறான். யாரை என்று கேட்கத் தேவையில்லை, பக்கத்திலேயே நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் தன் கெட்டித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். டெஸ்மனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவருடைய தட்டைப் பதிவுசெய்தாலும், கொண்டுவந்தவரின் கையில் மைக்கைக் கொடுத்து, தட்டின் பெயரையும் இலக்கத்தையும் அவர் வாயாலேயே சொல்லவைப்பான். அதன் பிறகுதான் ஊசி இறங்கும். வெளியே கொடுக்கிற பிரதியில் அதை வெட்டிவிடுவான். ஆனால் முதல் ஒலிநாடாவில் அது அப்படியே இருக்கும்.

"முதல் ரேப்பைப் போடு," என்றார்.

"எதுக்கண்ணை? நான்தான் ஒத்துக்கொண்டிட்டனே."

"போடடா. தட்டைக் கொண்டுவந்து தந்தது ஆர் எண்டு அதிலை இருக்கும்."

"அதை எங்கையோ வைச்சிட்டன்."

"பொய்! நீ ஒரு ரேப்பும் எறியிற ஆளில்லை."

"இஞ்சருங்கோ, போதும், வாங்கோ வீட்டை போவம்," என்று டோறின் அவருடைய கையைப் பிடித்தாள். அவர் உதறினார்.

"உமக்கு ஏன் பயம்? உம்மடை குரல் கேக்குமெண்டோ?"

டோறினின் மூக்கு சிவக்கவில்லை. அவள் அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, களைப்பும் இருந்தது, மாதக்கணக்கான களைப்பு. பிறகு டெஸ்மனிடம் திரும்பினாள்.

"போடும் தம்பி."

"அக்கா, வேண்டாம்."

"எத்தினை நாளைக்கு? போடும்."

டெஸ்மன் சுவர் அடுக்கில் இருந்து பெரிய நாடாச் சுருள் ஒன்றை எடுத்தான். தேடவேயில்லை, கை நேராக அதற்குத்தான் போனது. மாட்டினான். சுருள் சுழன்றது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

செபஸ்ரியன் ஒரு காதை முன்னுக்குத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஹரோல்ட் பெய்ன்டன் நடனக் குழு," என்றது குரல். இலக்கத்தைச் சொன்னது. பிறகு சிரித்தது. "டேய் டெஸ்மன், உனக்குக் கிடைச்ச தட்டிலை தலை இருக்கு, என்ரையிலை உடம்பு இருக்கு. ரெண்டுக்கும் இண்டைக்குக் கலியாணம். உன்ரை ஆசைக்குக் கழுவித் துலை, நான் கண்ணை மூடிக்கொள்ளுறன். ஆனால் அந்தக் கீறலிலை மட்டும் கைவையாதை. அது என்ரை கையெழுத்து. ரேடியோக்காரனுக்கு என்ரை பெயரைச் சொல்லிப்போடாதை, கோயிலிலை நக்கலடிப்பாங்கள்."

பின்னால் தூரத்தில் டோறினின் குரல் கேட்டது. "கதைச்சது காணும், ரீ ஆறுது."

"வாறன் வாறன்," என்றது குரல். ஊசி இறங்கியது.

செபஸ்ரியன் கண்ணைத் திறக்கவில்லை. பாடகர் வந்தார். டிக் விழுந்தது, இரட்டை டிக்கும் விழுந்தது. பாட்டு முடிந்தது. டெஸ்மன் மெஷினை நிறுத்தினான்.

அது அவருடைய குரல். வேறு யாராவது அவர் மாதிரிக் கதைத்துப் பதிந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். காது விடவில்லை. அந்தச் செருமல் அவருடையது, சொல்லுக்கு முன்னால் வருகிற சின்ன இழுவை அவருடையது. இந்தக் கதிரையில் இருந்துதான் சொல்லியிருக்கிறார். ரீ குடித்திருக்கிறார், சிரித்திருக்கிறார், தட்டில் தண்ணீர் படச் சம்மதித்திருக்கிறார். மூளையைப் போட்டுக் கிண்டிப் பார்த்தார். அந்த நாள் அங்கே இல்லை. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"எப்ப இது?" என்று கேட்டார்.

"மே மாதம் அண்ணை."

"நான் வந்தனானோ? நானோ?"

"ஓம் அண்ணை. நீங்களும் அக்காவும்."

பால் போத்தல்கள் ஞாபகம் வந்தன. கார் ஞாபகம் வந்தது. காலையில் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்ற ஒருவரை நினைத்துப் பார்த்தார். அந்த ஆளை அவருக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரியாத ஒருவன் தன் திறப்போடும் தன் குரலோடும் வீட்டுக்குள் திரிகிறான் என்பது போலப் பயம் பிடித்தது. டெஸ்மன் கதிரையை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தார்.

டோறின் அவருக்கு முன்னால் வந்து நிலத்தில் முழங்காலில் நின்றாள். "ரேடியோவிலை போனபோது ஞாபகம் வரும் எண்டு நினைச்சன் அப்பா. உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டே நிண்டனான். வரேல்லை. எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை." அவள் அழுதாள். "தம்பியிட்டைச் சொல்லித்தான் அழுதனான். வேற ஆரிட்டைச் சொல்ல?"

இவ்வளவு நாளும் இவளைக் கள்ளி என்று நினைத்திருந்தார். வெட்கப்பட்டார். ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. கள்ளனைப் பிடித்தால் கதை முடிந்துவிடும். பூட்டை மாற்றலாம், சண்டை பிடிக்கலாம், கோபம் ஆறியபின் கூப்பிட்டு ரீ கொடுக்கலாம். இதற்கு எந்தப் பூட்டை மாற்றுவது?

தலையை நிமிர்த்தினார்.

"டெஸ்மன்."

"சொல்லுங்கோ அண்ணை."

"முந்தி ஒண்டு சொன்னியே. அதைத் திருப்பிச் சொல்லு."

டெஸ்மனுக்கு விளங்கவில்லை. "எதையண்ணை?"

"நீதான் எடுத்தனி எண்டு சொன்னியெல்லோ. திருப்பிச் சொல்லு, தம்பி." குரல் கெஞ்சியது. இப்படி அவர் ஒருவரிடமும் கெஞ்சியதில்லை.

டெஸ்மன் டோறினைப் பார்த்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் வந்து அவருக்கு முன்னால் நின்றான். களவு செய்தவன் நிற்பதுபோலவே தலையைக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான்தான் அண்ணை எடுத்தனான். உங்களுக்குத் தெரியாமல் எடுத்திட்டன்."

செபஸ்ரியன் அவனைப் பார்த்தார். அவன் கண்ணில் நீர் நின்றது. பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வதுபோல அவனுடைய கையைப் பிடித்தார்.

"மடையா," என்றார். "கேட்டிருந்தால் நான் தந்திருப்பனே."